தொடர்புகொள்ள முடியவில்லை

மார்ச் 21

பட்டியல் வந்துவிட்டது. கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளர்களில் பதினேழாவது பெயர்: பிலோமினா இருதயராஜ், முன்னாள் பத்திரிகையாளர். முப்பத்தொரு வருடம் 'தென்கரை' நாளிதழில் குப்பை கொட்டியதற்கு ஒரு 'முன்னாள்' மிச்சம். நிருபராக இருந்தவரை நாட்குறிப்பு எழுதியதில்லை. பேப்பரே போதுமாக இருந்தது. இப்போது என்னைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். என் பங்குக்கு நானும் எழுதி வைக்கிறேன்.

மாவட்டம் வந்திருந்தார். மாவட்டச் செயலாளர் மாசானமுத்துவை எல்லோரும் மாவட்டம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் வீட்டம்மா உட்பட. பூசணிக்காய் அளவு லட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுதேன். இந்தத் தொகுதியில நம்ம கட்சி ஜெயிச்சதே கிடையாது. உங்களுக்குச் சாதி ஓட்டும் இல்ல, பணமும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. 'பேப்பர் அக்கா பொய் எழுத மாட்டா'ன்னு ஊரு சொல்லுதுல்லா, அது. அத நம்பித்தான் தலைமையில சீட்டு வாங்கியிருக்கேன்."

நோட்டீசும் அப்படியே அடிக்கப் போகிறார்களாம்: பேப்பர் அக்கா பொய் எழுத மாட்டார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒருவர் மேல் குற்றம் சொல்லி எழுதுவதற்கு முன் அவரிடமே கேட்கவேண்டும். மறுதரப்பைக் கேட்காத செய்தி செய்தியே அல்ல. சேர்ந்த நாளிலிருந்து என் கொள்கை அது. எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.

இவர், என் வீட்டுக்காரர், லட்டை எறும்பு மொய்க்காத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "பிலோ, டெல்லியில குளிருமாமே. உனக்கு ஸ்வெட்டர் இருக்கா?" துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் தெரிவதற்கு முன்பே கயிற்றை எடுத்து வைக்கிற ஆள்.

மார்ச் 25

வேட்புமனு தாக்கல். கலெக்டர் ஆபீஸ் வாசலில் இத்தனை வருடம் கேமராக்களின் பக்கம் நின்றிருக்கிறேன். இன்று அந்தப் பக்கம். பார்க்கிறவர்களுக்கு நாம் எவ்வளவு அசடாகத் தெரிவோம் என்று உள்ளே போனவுடன்தான் புரிகிறது. மாலை கழுத்தை அறுத்தது. சிரித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

மார்ச் 28

காலை ஏழு மணிக்குத் திறந்த ஜீப். பிற்பகல் ஒன்றரைக்குள் இருபத்திரண்டு ஊர். ஆரத்தி எடுக்கிற பெண்களிடம் "தண்ணி வருதா? ரேஷன்ல பருப்பு போடுதானா?" என்று கேட்டுப் பழைய பழக்கத்தில் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். மாவட்டம் காதருகே வந்து, "அக்கா, பேட்டி எடுக்காதிய. கையக் கூப்புங்க" என்கிறார்.

டவுனில் கிணற்றடித் தெரு மட்டும் விட்டுப்போனது. தெரு குறுகல். ஜீப் திரும்பாது.

மார்ச் 30

கால் வீக்கம். கல்லுப்பு போட்டு வெந்நீரில் அரைமணி நேரம் வைத்திருந்தேன். தொண்டை போயே போய்விட்டது.

ஏப்ரல் 2

டிரைவர் செல்லையா விவரமானவர், ஐந்து தேர்தல் ஜீப் ஓட்டியவர். இன்று டவுனுக்குள் வந்ததும் கேட்டார்: "அக்கா, கிணத்தடித் தெருவுல அறுநூறு ஓட்டு கெடக்கு. அவன் நேத்து நடந்தே போயிட்டு வந்துட்டான். நாம போவலாமா?"

அவன் என்றால் ஆதிமூலம், எதிரணி வேட்பாளர், இப்போதைய எம்.பி.

வெயில் தலையைப் பிளந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். செல்லையா கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் இடியாப்பத்துக்கு மாவு இல்லை. இவர் அரிசி போட்ட தகரச் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ரயில்வே கேட் தாண்டி மாவு மில்லுக்குப் போய்த் திரித்துவிட்டு வந்தார். வேர்த்து ஊற்றியது.

"கிணத்தடித் தெருவுல மில் இருக்கு. நடந்தா அஞ்சு நிமிசம்" என்றார்.

"அங்க திரிச்சா மாவு நறநறன்னு இருக்கும்."

"நீ எப்ப திரிச்சுப் பாத்த?"

அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் வேலை இருந்தது.

ஏப்ரல் 6

மாவட்டம் ஒரு உறை கொண்டுவந்தார். உள்ளே ஆதிமூலத்தின் அறக்கட்டளை நடத்துகிற கல்லூரியின் வரைபடம், பழைய நில அளவைப் பட நகல், ஒரு தாசில்தாரின் குறிப்பு. கல்லூரியின் பாதிக் கட்டடம் குளத்துக்குள் நிற்கிறது. முப்பது வருடம் இப்படியொரு உறைக்காகத்தான் டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் மூன்று தாளையும் இரண்டு தடவை படித்தேன்.

"சாயங்காலம் மேடையில இதப் போட்டு ஒடச்சிருவோம். அவன் எந்திரிக்கவே கூடாது" என்றார் மாவட்டம்.

நான் செல்போனை எடுத்தேன்.

"யாருக்கு அக்கா?"

"ஆதிமூலத்துக்கு. அவரு தரப்பக் கேக்கணும்ல."

மாவட்டத்தின் முகம் போன போக்கைக் கேமராவில் பிடித்திருக்கலாம். "அக்கா! இது பேப்பர் இல்ல, எலெக்சன்! ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" என்று கையை நீட்டினார். அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். கேள்வியைச் சொன்னேன். ஆதிமூலம் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "நல்ல கேள்விம்மா. ஆவணமெல்லாம் எடுத்து வைக்கேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பதில் சொல்லுதேன். அதுவரைக்கும் பொறுக்க மாட்டியளா?"

பொறுப்பேன் என்றேன். பொறுப்பதுதானே முறை. மாவட்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 7

பத்து மணிக்குப் போன் வரவில்லை. அவர் நேற்று மாலை ஐந்து மணிக்கே பத்திரிகையாளர்களைக் கூட்டியிருக்கிறார். எனக்குத்தான் இன்று காலையில் பேப்பர் பார்த்துத் தெரிந்தது. 'தென்கரை'யின் முதல் பக்கம்: "கல்லூரியை இடிப்போம் என்று போனில் மிரட்டல் — பெண் வேட்பாளர் மீது எம்.பி. புகார்." அந்தக் கட்டடத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று நேற்றே நீதிமன்றத் தடையும் வாங்கியாகிவிட்டதாம். இனி அந்த உறையைப் பற்றி மேடையில் வாய் திறந்தால் வழக்கு.

எனக்கு அதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். செய்தியின் கடைசி வரிதான் கண்ணைக் குத்தியது: 'இதுகுறித்துக் கருத்துக் கேட்க முயன்றபோது பிலோமினாவைத் தொடர்புகொள்ள முடியவில்லை.'

முடியவில்லையா? நேற்று முழுக்கப் போன் என் கையில் இருந்தது. எழுதியது இசக்கி. நான் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த பெண். உடனே கூப்பிட்டேன்.

"ஏ இசக்கி, ஒரு போன் பண்ணத் தெரியாதா உனக்கு? நான் செத்தா போயிட்டேன்?"

"அக்கா... எடிஷன் முடிஞ்சு பக்கம் அச்சுக்குப் போவ அஞ்சு நிமிசம்தான் இருந்துச்சு."

"அதுக்கு? முயற்சியே பண்ணாம முயன்றபோதுன்னு எழுதுவியா?"

அந்தப் பெண் எந்தக் குறும்பும் இல்லாமல் சொன்னாள்: "நீங்கதானக்கா சொல்லித் தந்திய. நேரம் இல்லாட்டா அந்த வரியப் போட்டுரு, நம்மள யாரும் கேக்க முடியாதுன்னு."

நானா?

ஏப்ரல் 8

பிரச்சாரத்துக்குப் போகவில்லை. தொண்டை என்று சொல்லிவிட்டேன். நெத்திலிக் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. இவர் கூட ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 10

மூன்று நாளாக இந்தப் பக்கத்தைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். எழுதியே தீரவேண்டும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு சாலைப்புதூர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட இருபத்துமூன்று பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: சத்துணவு அமைப்பாளர் கோமதிநாயகம் நல்ல அரிசியை வெளியே விற்றுவிட்டுப் புழுத்த அரிசியைப் பொங்கியிருக்கிறார். எடிஷன் முடிய அரைமணி நேரம்தான் இருந்தது. நான் எழுதினேன். கடைசி வரியும் எழுதினேன்: 'இதுகுறித்துக் கருத்துக் கேட்க முயன்றபோது கோமதிநாயகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை.'

முதல் பக்கம். எனக்கு விருது கிடைத்தது. கேடயம் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது. அவருக்கு வேலை போயிற்று.

எட்டு மாதம் கழித்து விசாரணை முடிந்தது. அரிசி கிடங்கிலிருந்தே புழுத்து வந்திருக்கிறது. சொன்ன அதிகாரிக்கும் அந்தக் கிடங்குக்கும் தொடர்பு இருந்திருக்கிறது. நான் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒன்பதாம் பக்கத்தில் நான்கு வரி போட்டார், பெயர் இல்லாமல். நான் சண்டை போடவில்லை. அதற்குள் கோமதிநாயகம் கிணற்றடித் தெருவில் மாவு மில் வைத்துவிட்டார். வேலையைத் திரும்பக் கேட்டு அவர் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன், போய்க் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். நான் அவரைத் தேடவில்லை என்பதல்ல விஷயம். தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த அதிகாரி பேசிக்கொண்டிருந்தபோது கோமதிநாயகம் அதே வராந்தாவில், பத்தடி தள்ளி, ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர்தான் என்று அதிகாரி கண்ணால் காட்டினார். நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ, செய்தி கெட்டுவிடுமோ என்று பயந்தேன்.

ஏப்ரல் 12

காலையில் சம்படத்தில் பச்சரிசியைப் போட்டுக்கொண்டு கிணற்றடித் தெருவுக்கு நடந்தேன். கட்சித் துண்டு இல்லை, கூட ஆள் இல்லை. மில்லில் ஆறு பெண்கள் வரிசையில் இருந்தார்கள். "பேப்பர் அக்கா, நீங்க முன்னால போங்க" என்றார்கள். நான் கடைசியில் உட்கார்ந்தேன்.

கோமதிநாயகத்துக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். புருவமெல்லாம் மாவு. என் முறை வந்தபோது சம்படத்தை வாங்கினார், கொட்டினார், திரித்தார். மாவை விரலால் தொட்டுப் பார்த்து இன்னொரு ஓட்டு ஓட்டினார். நறநறப்பெல்லாம் இல்லை, நைசாக இருந்தது.

எல்லோரும் போனபின் சொன்னேன். "அண்ணாச்சி, நான் பிலோமினா."

"தெரியும்." அவர் மில்லை நிறுத்தவில்லை. "ஓட்டா?"

"ஓட்டு கேக்க வரல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில கேக்க வேண்டியதக் கேக்க வந்திருக்கேன். உங்க தரப்பு என்ன அண்ணாச்சி?"

நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். எடுத்தபின் வெட்கமாக இருந்தது. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது.

அவர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். மில் போட்ட சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அரிசி வண்டு விழுந்து நாறுகிறது என்று மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் பதில் வரவில்லை. அன்று ஆனமட்டும் புடைத்துக் களைந்து பொங்கியிருக்கிறார்.

"பொறவு?" என்று கத்தினேன். "கேக்கல அண்ணாச்சி, கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்."

"கேக்கலியா?" என்றார். "எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. நான் பேசுனது ஒருத்தர் காதுலயும் விழல."

நிறுத்தவில்லை. கொஞ்சம் குனிந்து, எனக்குக் கேட்கிறபடி ஒன்றை மட்டும் சொன்னார்.

"தோளுல கெடந்தது எம் பொண்ணு. அதே பள்ளிக்கூடந்தான். அந்தச் சோத்தத்தான் அவளும் தின்னா. பேப்பர்க்காரங்க ரெண்டு பக்கமும் கேப்பாங்கன்னு அவளத் தூக்கிக்கிட்டே அங்க நின்னேன். ட்ரிப்ஸ் ஏத்தணும்னு நர்ஸ் கூப்புடுது, நான் போவல. நீங்க கூப்பிடுவியன்னு நின்னேன். பொறவு நீங்க ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயிட்டிய."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆறுதல் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

மன்னிப்புக் கேட்டேன். இதை மேடையில் சொல்லலாமா என்றும் கேட்டேன்.

"ஒங்க தப்ப நீங்க சொல்லுங்க, அது ஒங்க இஷ்டம். எங் கதைய வச்சு நீங்க பேரு வாங்க வேண்டாம். அத யாரும் வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுவேன்."

சம்படம் வீடு வரைக்கும் சூடாக இருந்தது.

ஏப்ரல் 14

மாவட்டத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, யாருக்கும் தெரியாத விசயம். அவரே சும்மா இருக்காரு. நாலு நாளுல எலெக்சன். பேப்பர் அக்கா பொய் எழுத மாட்டான்னு ரெண்டு லெச்சம் நோட்டீசு போயிருக்கு. நீங்களே ஏறி நின்னு பொய் எழுதுனேன்னு சொன்னா என்ன ஆவும்?"

"அந்த நோட்டீசும் பொய்தான?"

"ஜெயிச்சுட்டுச் சொல்லுங்களேன்! டெல்லிக்குப் போயிட்டுச் சொல்லுங்க! நானா வேண்டாங்கேன்?"

இந்த வாதம் எனக்கும் தோன்றியிருந்தது. ரொம்ப நேரம் பிடித்திருந்தது என்றே எழுதுகிறேன். இந்தச் சீட்டு எனக்கு வேண்டும். மாலையும் ஆரத்தியும் பிடிக்காதது போலத்தான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். பிடிக்கும். நாடாளுமன்றத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் குளிக்கும்போது நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஜெயித்தபின் சொல்லலாம் என்றால், இதைத் தெரிந்துகொள்ளாமலே எனக்கு ஓட்டுப் போட்டவர்களை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து, மேடையில் சொல்லட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "நீ எப்ப சொல்லப் போறன்னு பத்தொம்பது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சு நிமிசத்துல இருக்க மில்ல விட்டுட்டு ரயில்வே கேட்டுக்குச் சைக்கிள் மிதிக்கேன். தெரியாமயா இருக்கும்?"

ஏப்ரல் 16

கடைசிக் கூட்டம். மாலை ஆறு மணிக்குள் பிரச்சாரம் முடியவேண்டும். ஐந்தேகாலுக்கு மைக்கைப் பிடித்தேன். எழுதிக்கொண்டு போனதை அப்படியே படித்தேன், ஒரு பக்கம்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒருவர்மேல் பொய்ச் செய்தி எழுதினேன், அவர் பெயர் கோமதிநாயகம், அவர் மேல் தப்பில்லை. தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதினேன், அவர் என் எதிரில் நின்றார். நோட்டீசில் இருப்பது உண்மையல்ல. இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுப் போடுங்கள்.

கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "என்ன சொல்லுதா?" என்று கேட்டாள். மாவட்டம் மேடைக்குப் பின்னால் போய்விட்டார். செல்லையாதான் என்னைக் கைப்பிடித்து இறக்கினார்.

ஏப்ரல் 17

'தென்கரை' முதல் பக்கம்: "பொய்ச் செய்தி எழுதினேன் — பெண் வேட்பாளர் மேடையில் ஒப்புதல்." ஆதிமூலம் என்னைக் கேலி செய்து நாலு வரி. எதிர்பார்த்ததுதான். கடைசி வரியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடக்கி வைத்தேன்.

'இதுகுறித்துக் கருத்துக் கேட்க முயன்றபோது கோமதிநாயகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை.'

இசக்கியைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. "பத்து மணிக்குக் கிணத்தடித் தெரு முக்குக்கு வா" என்றேன். வந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. மில்லைக் காட்டினேன். "நான் வரமாட்டேன். நீ போய்க் கேளு. அந்த வரிய நான் உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

தெருமுனையில் வேப்பமரத்து நிழலில் நின்றேன். மில் ஓடுகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. இசக்கி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

ஒரு மணி நேரம் நின்றே இருந்தது. சம்படத்தோடு வந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அரிசியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் 18

வாக்குப்பதிவு. இசக்கி எழுதியது மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கம் வந்திருந்தது, படத்தோடு. நர்ஸ் வேலை பார்க்கிற மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசியதும் இருந்தது. எனக்குத் தெரியாத ஏழெட்டு விஷயம் அதில் இருந்தது. நல்ல செய்தி. நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

வாக்குச்சாவடி வாசலில் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். வேட்டி வெளுப்பு, புருவத்தில் மாவு இல்லை. என் பக்கம் திரும்பவில்லை. நானும் கைகூப்பவில்லை.

மே 23

மூவாயிரத்து இருநூற்றெட்டு ஓட்டில் ஜெயித்தேன்.

மாநிலம் முழுக்க அலை, கழுதையை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருக்கும் என்கிறார் மாவட்டம். கட்டிப்பிடித்து அழவும் செய்தார். அன்று பேசியதால் வந்த ஓட்டா, பேசியும் போகாமல் நின்ற ஓட்டா, எனக்குத் தெரியாது. கிணற்றடித் தெரு சாவடியில் நான் இரண்டாமிடம்.

கேடயத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இவர் எனக்கு வாங்கி வந்த ஸ்வெட்டரை வைத்திருக்கிறார். டெல்லியில் இப்போது நாற்பத்தைந்து டிகிரி.

ஜூலை 4, டெல்லி

நாளை அவையில் முதல் முறையாகப் பேசக் கிடைத்திருக்கிறது. மூன்று நிமிடம். பள்ளிக்கூடங்களுக்குப் போகிற அரிசியைப் பற்றிப் பேசப்போகிறேன். பதில் சொல்லவேண்டிய அமைச்சகத்துக்குக் காலையிலேயே போன் செய்து அவர்கள் தரப்பைக் கேட்டேன். எதிர்க்கட்சி எம்.பி. பேசுவதற்கு முன்பே கூப்பிட்டு விளக்கம் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அந்த அதிகாரி சிரித்தார். மாவட்டத்துக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

இன்னொரு தரப்பும் இருந்தது. புழுத்த அரிசி கிடங்கிலிருந்து அடுப்புக்கு எப்படி வந்து சேருகிறது என்று தெரிந்த ஆள் எனக்கு ஒருவர்தான். மில்லின் எண் இசக்கியிடம் இருந்தது. பத்து மணிக்குக் கூப்பிட்டேன். பின்னால் மில் ஓடியது.

"நான் பிலோமினா, அண்ணாச்சி. அரிசியப் பத்தி ஒரு விவரம் கேக்கணும்."

"இப்ப மில்லுல கூட்டம்" என்று கத்தினார். "மூணு மணிக்குக் கூப்புடுங்க. நிப்பாட்டி வைக்கேன்."

இரண்டே முக்காலிலிருந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தார்.